காசநோய்ச் சளியில் செய்த மருந்து

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் ஹோமியோபதிப் புத்தகங்களைப் படித்து, சொந்தக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கொடுத்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கடலூரில் இருக்கும் என் தங்கையின் கணவருக்கு விடாத இருமல். செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலையில் வேலை, அந்தக் காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காசநோயில் இறந்தவர். குடும்பத்தில் காசம் இருந்திருந்தால், தீராத இருமலுக்குக் காசநோயாளியின் சளியையே திரும்பத் திரும்பக் கரைத்து நீர்க்கவைத்துச் செய்த மருந்தைக் கொடுப்பது அந்த வைத்தியத்தின் பழைய வழக்கம். அம்மைச் சீழிலிருந்து ஒன்று, சொறி நீரிலிருந்து ஒன்று என்று இப்படி ஒரு வரிசையே உண்டு. இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். தங்கை முகம் சுளித்தாள். அவர், "மச்சான் குடுத்தா வெஷமா இருந்தாலும் சாப்புடுவேன்" என்று நாக்கை நீட்டினார்.

மருந்து வேலை செய்யும்போது நோய் முதலில் கூடும் என்று படித்திருந்தேன். இருமல் கூடியது. எனக்குச் சந்தோஷம். அவர் இளைத்தார்; பொறுத்திருக்கச் சொன்னேன். நாலு மாதம் கழித்துச் சளியில் ரத்தம் வந்தபோதுதான், தங்கை என்னைக் கேட்காமல் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். காசநோய். இடது நுரையீரல் பாதி கெட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டாள்: "ண்ணே, நீங்க குடுத்ததுலேருந்துதான் வந்துச்சா?"

"இல்லம்மா. அத்தனை தடவ கரைச்சப்புறம் அதுல ஒண்ணுமே இருக்காது." வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அப்போ நாலு மாசமா ஒண்ணுமில்லாததையா குடுத்தீங்க?"

ஒன்றுமில்லை என்பது அப்போதே தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தவன் நான். கொடுக்கும்போது நம்பினேன் என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன?

ஆஸ்பத்திரி மாத்திரையில் அவர் பிழைத்தார். மாடி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். என்னைப் பார்த்தால் இன்னும் "வாங்க டாக்டர்" என்கிறார். கேலியா, பிரியமா, புரியவில்லை.

போன வாரம் போனில் என் இருமலைத் தங்கை கேட்டுவிட்டாள். எத்தனை நாளாக என்றாள். மூன்று வாரம் என்றேன்.

"நாளைக்கே எக்ஸ்ரே எடுங்க. அந்த மருந்துப் பெட்டியத் தொறக்காதீங்க."

மறுநாள் போனேன். கிளம்புமுன் பெட்டியைத் திறந்து, அவருக்குக் கொடுத்த அதே குப்பியிலிருந்து இரண்டு உருண்டைகளை நாக்கில் போட்டுக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.