எச் என்ற எழுத்தை யாரும் போடவில்லை

பிள்ளைகளே, எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஷாதிபூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கும், புகை வந்தால் காயில் கருகியிருக்கும், அதற்கு மேல் யோசிக்கிற ஆள் நான் இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மகள் செல்வி காலேஜில் கணக்கு படிக்கிறாள். எங்கள் தீவில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நெட் இல்லாமலே ஓடுகிற ஒரு கணக்கு புரோகிராமை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். படம் கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஆனால் ஏ, பி என்று எழுத்தை வைத்தே பெரிய பெரிய கணக்கையெல்லாம் போட்டுவிடும். வரி முடிவில் செமிகோலன் வைத்தால்தான் நாம் பேசி முடித்தோம் என்று எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சும்மா காத்திருக்கும்.

அன்றைக்குக் காற்றும் மழையும். கட்சால் தீவில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி ராணி கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தாள். காலையிலேயே வந்திருக்க வேண்டிய கப்பல், மத்தியானம் தாண்டியும் வரவில்லை. போன் போட்டால் கவரேஜுக்கு வெளியே என்றது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, செல்வி என்னைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு கணக்கை அடித்தாள். அது விடை சொல்லவில்லை, கேள்வி கேட்டது. ஏ பாசிட்டிவா, நெகட்டிவா, ஜீரோவா?

“என்னடி, நாம கேட்டா அது நம்மளையே கேக்குது?”

“தெரியாததை இஷ்டத்துக்கு நினைச்சுக்காதுப்பா, நாம சொன்னாத்தான் மேல போகும். ஒரு தடவை மூடிட்டா சொன்னதெல்லாம் மறந்துடும். உங்களை மாதிரியா, கப்பல் வரலைன்னதும் எல்லாத்தையும் நெகட்டிவாவே எடுத்துக்குறீங்க.”

“வாய் நீளம் உனக்கு.”

“அரே அப்பா, டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க! மரைன் ஹில்ல என் ஃபிரெண்டு சுமதி வீடு வரைக்கும் போய்ட்டு வரேன், அவங்கப்பா கப்பல்ல வேலை பாக்குறவர், ஏதாவது தெரிஞ்சிருக்கும்.”

அவள் போனதும் கரண்ட் போனது, கம்ப்யூட்டர் அணைந்தது. கரண்ட் திரும்பி வந்ததும், சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகுமே என்று அவள் சொல்லிக் கொடுத்தபடி புரோகிராமை நானே திறந்து, ரெண்டும் மூணும் எவ்வளவு என்று கேட்டேன். அஞ்சு என்றது. சரி என்று போனை எடுத்து ராணிக்கு மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், நம்பினால் நம்புங்கள், நான் கீபோர்டைத் தொடவே இல்லை, திரையில் புதிதாக ஒரு வரி நிற்கிறது. எச் பாசிட்டிவா, நெகட்டிவா, ஜீரோவா?

எச் என்று நான் எதையும் போடவில்லை. மூடிவிடலாம் என்று கை போனது, ஆனால் பதில் சொல்லாமல் எப்படி மூடுவது? வெளியே காற்று தகரத்தைப் பிய்க்கிறது, என் கண்ணில் ராணி வருகிற கப்பல்தான் நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி பாசிட்டிவ் என்று அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது காத்திருந்தது. அப்புறம்தான் செமிகோலன் ஞாபகம் வந்து, வைத்தேன். கேள்வி நகர்ந்து மேலே போனது, வெறும் கோடு மட்டும் கீழே மின்னியது. கையிலிருந்த போன் அடித்தது.

“என்னங்க, வழியில ஹட்பே ஜெட்டியில கப்பலைக் கட்டியாச்சு. ரொம்ப நேரம் வெளியவே நின்னு ஆடிட்டிருந்தோம், இப்பத்தான் திடீர்னு அலை அடங்குச்சு. பயந்துட்டீங்களா?”

“நானா? நான் கணக்கு போட்டுட்டிருந்தேன்” என்றேன். அவள் நம்பவில்லை, சிரித்தாள்.

நனைந்துகொண்டு வந்த செல்வியிடம் சொன்னேன். ஒரு எழுத்தும் போடாமல் அது கேட்கவே கேட்காது, நீங்கள் எதையோ தட்டியிருப்பீர்கள் என்றாள். இருக்கலாம். ஆனால் எச் ஜீரோவை விடப் பெரியதா என்று அவள் விளையாட்டாக அடித்துப் பார்த்தாள். ஆமாம் என்றது. புரோகிராமை மூடித் திறந்தாள், ஆமாம். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள், ஆமாம். காலேஜ் கம்ப்யூட்டரில் இதையே கேட்டால், தெரியாது என்று ஒழுங்காகச் சொல்கிறதாம். எங்கள் வீட்டிலும் வேறு எந்த எழுத்தைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் வருகிறது. எச் மட்டும்தான் இப்படி.

செல்வி இன்றைக்கும் இதை நம்புவதில்லை, கேட்டுப் பாருங்கள். ஆனால் அவள் அம்மா கட்சாலிலிருந்து கப்பலில் வந்து சேருகிற நாளில், எனக்கு முன்னாலேயே போய் அந்தக் கறுப்புத் திரையில் எச்சைப் பற்றிக் கேட்பது அவள்தான். ஆமாம் என்று வந்த பிறகு, குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்புகிறோம்.