வலது பக்கச் செயின்

நான் வீட்டிலேயே செய்த மினி பைக், முதல் நாள் பின்னால் மட்டும்தான் போனது. ஊரில் இதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஒன்றில் என்னை மாடு முட்டியதாகக்கூட வருகிறது. மாடு எதுவும் முட்டவில்லை. மற்றவர்கள் சொல்வதற்குப் பதில் நானே சொல்லிவிடலாம்.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சி பக்கத்தில் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் மரவள்ளியும் இருக்கிறது. நாங்கள் என்றால் நானும் என் மனைவியும். மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு பேரும் கரியாலூருக்குப் பைக்கில் போய், மலையில் விளைந்த சாமை ஒரு பை வாங்கினோம். இறங்கும்போது அவள் எப்போதும்போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராததைப் பற்றி நான் பேசிக்கொண்டு வந்தேன். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஓர் இடத்தில் வண்டி லேசாகத் துள்ளியது. மலைப் பாதையில் பள்ளம் இல்லாமல் இருக்குமா என்று தொடர்ந்து பேசினேன்.

இரண்டு வளைவு தாண்டி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாங்க, தனியாப் பேசிக்கினு போறீங்க?"

"தனியா இல்லீங்க. எங்க வூட்டுல வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பினேன்.

வந்த வழியே போனபோது அவள் ரோட்டோரத் தடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. புடவையில் ஒரு முழம் கிழிந்து போயிருந்தது. அந்த ஒரு முழம் என் வண்டிச் செயினில் சுற்றிக்கொண்டிருந்தது. புடவை மாட்டாமல் இருப்பதற்கென்றே வண்டியில் ஒரு சாரி கார்டு வரும். கடகடவென்று சத்தம் போடுகிறதென்று முந்தின மாதம்தான் அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டிருந்தேன்.

"சாமை கொட்டல" என்றாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். நான் பஸ்ஸின் புகையைக் குடித்தபடி பின்னாலேயே வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவில்லை. சந்தைக்கு பஸ், கல்யாணத்துக்கு பஸ், கழனிக்கு நடை. வீட்டுக்கும் கழனியிலிருக்கும் மோட்டார் கொட்டாய்க்கும் நல்ல தூரம். நான் வண்டியில் போவேன், அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தேன். "புழுதி அடிக்குது, முன்னாடி போங்க" என்பாள். பின் சீட்டு காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. வெளியே சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் அது உறுத்தியது.

யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணம் பிடிபட்டது. ஒன்று உயரம், இன்னொன்று புடவை. உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற வண்டி, புடவை மாட்டவே முடியாத வண்டி வேண்டும். அப்படி ஒன்று எந்த ஷோரூமிலும் இல்லை. வெல்டிங் மெஷின் வீட்டில் இருந்ததால், செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

களையெடுக்கும் மெஷின் ஒன்று கியர் உடைந்து கொட்டகையில் கிடந்தது. அதன் இஞ்சின் மட்டும் ராஜா மாதிரி இருந்தது. சக்கரம் பழைய ஸ்கூட்டருடையது, பிரேக் பழைய மொபெட்டுடையது. கழற்றிப் போட்டிருந்த இரும்புக் கேட்டை அறுத்துச் சட்டம் செய்தேன். கேட்டின் நடுவில் ஒரு தாமரைப்பூ இருந்தது. அதை அறுக்க மனசு வராமல், அது ஹேண்டிலுக்குக் கீழே வருகிற மாதிரி பற்ற வைத்தேன். சீட்டை மட்டும் இரண்டு பேருக்கு நீளமாகப் போட்டேன்.

எல்லாம் போனில் வீடியோ பார்த்துச் செய்ததுதான். அந்த வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் செயினை இடது பக்கமே வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் புடவை கட்டிக்கொண்டு காலை ஒரே பக்கம் போட்டு உட்கார்வதில்லை, அவர்களுக்கு இது எங்கே தோன்றப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இஞ்சினை அப்படியே திருப்பி வைத்து, செயினை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். இடது பக்கத்தில் மாட்டுவதற்கு எதுவுமே இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அச்சு கடைந்து கொடுத்த லேத்துக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாங்க, செயின் அந்தப் பக்கம் போவுது?"

"அதுக்கு ஒரு காரணம் இருக்குதுங்க."

"காரணம் இருந்தா சரி" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் நெற்களத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நான் யாரையும் கூப்பிடவில்லை, தெருவே வந்திருந்தது. கயிற்றை இழுத்ததும் இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் நகர்வோமே, அப்படி எல்லோரையும் பார்த்தபடியே பின்னால் போனேன். கையை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, இன்னும் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வைக்கோல் போர்தான் என்னை நிறுத்தியது.

இஞ்சின் ஒரு பக்கமாகத்தான் சுற்றும். அதைத் திருப்பி வைத்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். இதைப் புரிந்துகொள்ள நான் வைக்கோல் போர் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் என் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் தலையிலிருந்த வைக்கோலை எடுத்தாள்.

"ஏங்க, செயின ஏன் இந்தப் பக்கம் போட்டீங்க?"

"உன் பொடவ மாட்டாம இருக்கத்தான்."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இஞ்சினைத் தாங்கிய தட்டை அறுத்து, இஞ்சினையும் பின் சக்கரத்தையும் திருப்பி மாட்டப் பத்து நாள் ஆயிற்று. செயின் மறுபடியும் இடது பக்கம் வந்துவிட்டதால், விரல்கூட நுழையாதபடி தகரத்தால் மூடினேன். லேத்துக்காரர் இந்த முறை கையை மட்டும் துடைத்துக்கொண்டார். வண்டிக்கு நம்பர் கிடையாது, ரோட்டில் ஏற்ற முடியாது. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டாய் வரைக்கும் எங்கள் சொந்த வண்டிப்பாதை போதும். இப்போது முன்பக்கமாக நன்றாகவே போனது. ஒரு நாள் காலையில் அவள் தூக்குவாளியோடு வெளியே வந்தபோது வண்டியை வாசலில் நிறுத்தினேன்.

"உக்காரு. கால் தரையில படும். பொடவையும் மாட்டாது."

அவள் தகரத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், தாமரைப்பூவையும் பார்த்தாள்.

"பொடவைக்கு எப்பங்க நான் பயந்தேன்?" என்றாள். "வுழுந்துட்டு உங்களக் கூப்புட்டேன். மூணு வாட்டி கூப்புட்டேன். நீங்க பேசிக்கினே போய்க்கினு இருந்தீங்க. அந்த ஆட்டுக்காரம்மா கேக்கலன்னா கள்ளக்குறிச்சி வரிக்கும் போயிருப்பீங்க."

அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்தேன், காது கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருடமாக உயரத்தையும் செயினையும் அளந்துகொண்டிருந்திருக்கிறேன், என்ன கோபம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தப்புதான்" என்றேன்.

"பின்னாடி போய் உக்காருங்க" என்றாள்.

தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். கரும்பு நடவுக்கு இறங்கும்போது செய்வதுபோலப் புடவையைத் தூக்கிச் செருகினாள். இருபது வருடமாகப் பார்க்கிற செருகல்தான், வண்டியை வரைந்தபோது எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை. இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். கியர் கிடையாது. எது ஆக்ஸிலேட்டர், எது பிரேக் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போனோம். முதல் தென்னையைத் தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

அடுத்த தென்னையிலும் கேட்டாள். அதற்கடுத்த தென்னையிலும் கேட்டாள். எங்கள் பாதையில் பதினாலு தென்னை. வாய்க்கால் பக்கம் வண்டி ஒரு மேட்டில் துள்ளியது. "இருக்கறீங்களா?" என்றாள். என்னதான் செய்கிறாள் பார்க்கலாம் என்று நான் பதில் சொல்லவில்லை.

அங்கேயே பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. வண்டி ஒரு முழம்கூடத் தள்ளிப் போயிருக்காது. நான் அன்றைக்கு இரண்டு வளைவு போயிருந்தேன்.

"இருக்கறேன்" என்றேன்.

"வாயத் தொறந்து சொல்லிக்கினே வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மோட்டார் கொட்டாய் வரைக்கும், அவள் கேட்காத தென்னைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன்.