எடுத்த பக்கமும் போட்ட பக்கமும்

விமானத்தை ஓட்டுவது விமானி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் பார்த்து ஓட்டுவது என்று அவருக்கு எடுத்துக் கொடுக்க ஒருத்தி, இரத்மலானையில் கடகடக்கிற ஃபேனுக்குக் கீழே இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒருத்தி நான்தான். வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோச்சி பிடித்துப் போய், மூன்றே மூன்று விமானம் வைத்திருக்கிற ஒரு சின்னக் கம்பனியில் பதினொரு வருசமாக மெனுவல் பார்க்கிறேன். மெனுவல் என்றால் தலையணை மொத்தத்தில் வளையம் போட்ட ஃபைல்கள். எஞ்சினில் புகை வந்தால் என்ன செய்வது, மழையில் இறங்க எவ்வளவு ஓடுபாதை வேண்டும், எல்லாம் அதற்குள்ளேதான்.

விமானத்தைச் செய்தவர்கள் அதோடு சும்மா இருக்க மாட்டார்கள். நினைத்த நேரம் ஒரு கட்டுத் திருத்தம் அனுப்புவார்கள். மேலே ஒரு தாள்: இந்தப் பக்கத்தை எடு, இந்தப் பக்கத்தைப் போடு. எடுத்த பக்கத்தைக் குறுக்கே கிழித்துவிட வேண்டும், மறந்தும் அது திரும்ப உள்ளே போகக் கூடாது. எடு, போடு, கிழி. இதுதான் என் உத்தியோகம். ஃபைலோடு மாரடிக்கிறவர்கள் உங்களில் ஆராவது இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

அப்படி இருந்த இடத்துக்கு டெப் வந்தது, ஃபைல் எல்லாம் ஒரு கண்ணாடித் திரைக்குள் அடங்குகிற டேப்லட். ஆறு மாதம் பரீட்சார்த்தம் என்றார்கள். கடதாசியும் பறக்கும், டெப்பும் பறக்கும். ஆறாம் மாத முடிவில் “இரண்டிலும் இருப்பது ஒன்றே” என்ற ஒற்றை வரிக்குக் கீழே நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் கடதாசி போகும், டெப்புக்குப் பொறுப்பாளர் பதவி எனக்கு. பிசகினால் கடதாசியோடு நானும் போக வேண்டியதுதான், ஏனென்றால் மெனுவல் பிரிவு என்று ஒன்று அதற்குப் பிறகு இருக்காது.

முதல் பக்கம் எங்கே?

டெப் கொடுத்த முதல் நாள் வரிசையில் முன்னுக்கு வந்தவர் கெப்டன் செபஸ்தியான். கொட்டாஞ்சேனைக்காரர், முப்பது வருசம் பறந்தவர். டெப்பைக் கையில் வாங்கி, மீன் வாங்குகிற ஆள் மாதிரி முன்னும் பின்னும் பிரட்டிப் பார்த்தார். எத்தனை பக்கம் என்று கேட்டார். நாலாயிரத்துக்கு மேலே என்றேன். அப்ப முதல் பக்கத்தைக் காட்டு என்றார்.

சத்தியமாக எனக்குக் காட்டத் தெரியவில்லை. அது கடைசியாக எங்கே மூடினோமோ அங்கேதான் திறக்கும். தேடுகிற பெட்டி இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, முதல் பக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் அங்கேயும் இங்கேயும் தட்டிக்கொண்டிருக்க, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: “முதல் பக்கம் இல்லாத புத்தகத்தை நம்பி நான் எழுபது பேரை ஏத்தவா மகள்?”

எழுதியபடி செய்தவர்

இரண்டாம் மாதம் முதல் திருத்தம் டெப்பில் வந்தது. எடு இல்லை, போடு இல்லை, கிழி இல்லை. ஒரு தட்டுத் தட்டினேன், எல்லாருடைய டெப்புக்கும் போய்விட்டது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. அடுத்த நாள் பார்த்தால் பதினேழு பேருக்குக் கிடைத்திருக்கிறது, தெஹிவளை ரில்வானுக்கு மட்டும் இல்லை. ரில்வான் துணை விமானி. எங்கள் கம்பனியில் சட்டதிட்டத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை. அவருடைய டெப்பில் மட்டும் ஏன் இந்தக் கோளாறு என்று எனக்கு விளங்கவே இல்லை.

வரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். டெப் ஃப்ளைட் மோடில் இருந்தது. கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தானாம். வீட்டிலும் ஃப்ளைட் மோட், சாப்பாட்டு மேசையிலும் ஃப்ளைட் மோட். வெளியே இருந்து ஒரு பக்கமும் உள்ளே வர வழியில்லை. கொஞ்சம் ஏசுவம் என்று வாயைத் திறந்தேன். அவர் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த என் அறிவுறுத்தல் தாளை எடுத்து நீட்டினார். “அக்கா, ஃப்ளைட் மோட்ல வைக்கச் சொல்லி நீங்கதான் எழுதி ஈக்கிறீங்க. எடுக்கச் சொல்லி எங்க எழுதி ஈக்கி?”

எச்சில்

செபஸ்தியானுக்கு ஒரு பழக்கம். பக்கம் புரட்ட முந்தி விரலை நாக்கில் தொடுவார். டெப்பிலும் தொட்டார். ஈர விரலுக்கு அது அசையாது, அசைந்தால் மூன்று பக்கம் தாவும். அவர் இன்னும் கொஞ்சம் எச்சில் வைப்பார். பக்கத்து ஆசனத்தில் இருந்து பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ரில்வான் கடைசியில் சொன்னாராம்: “கெப்டன், அதுக்குத் தண்ணி ஆகாது.”

மழைப் பக்கம்

இப்படிச் சிரித்துச் சிரித்தே ஆறாம் மாதக் கடைசி வந்துவிட்டது. செபஸ்தியானுக்கு டெப்பில் நம்பிக்கை வரவே இல்லை. எங்காவது ஒரு பிழை பிடித்தே தீருவேன் என்று, ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் கடதாசியையும் டெப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். நானும்தான் பண்ணினேன், பொய் சொல்லுவானேன்.

ஒரு பின்னேரம், வெளியே சோவென்று மழை. மூன்றாம் விமானத்து மெனுவலைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் தொப்பென்று போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. டெப் பிழை, பிடித்துவிட்டேன் என்றார். ஈரமான ஓடுபாதையில் இறங்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று சொல்கிற பக்கம் அது. டெப்பில் இருந்த கணக்கு கடதாசியில் இருந்ததை விட நூற்றிருபது மீட்டர் கூட. நான் பக்கத்தின் அடியில் இருக்கிற திகதியைப் பார்த்தேன். டெப்பில் இருந்தது புதுசு. கடதாசியில் இருந்தது பழசு. திருத்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எடுத்தாயிற்று, போட்டாயிற்று என்று இரண்டு வருசத்துக்கு முந்திய திகதியில் என் கையெழுத்து அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுதான், அடியில் திகதியும் நடுவில் ஒரு நிரை எண்களும் மட்டும் வேறு. அன்று நான் பழசைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டுப் புதுசைக் கிழித்திருக்கிறேன். என்ன யோசனையில் செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

டெப் பிழை இல்லை கெப்டன், பிழை என்னுடையது என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப ரெண்டு வருசமா மழைக்குள்ள நான் இறக்கினது உன்ட நம்பர்லயா?”

லொறி வருகிற நாள்

பாருங்கோ, ஒன்றும் நடக்கவில்லை. ஓடுபாதை நீளம்தான், இவர்களும் எப்போதும் கொஞ்சம் கூடவே கணக்கு வைத்து இறக்குகிறவர்கள். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பது என் கெட்டித்தனம் இல்லையே. செபஸ்தியான் மெனுவலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயம் இருந்தது, அதைவிட வெட்கம் இருந்தது. மழைநாளில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்த சனம், மூட்டை முடிச்சோடு வந்த சனம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அடுத்த நாள்தான் கையெழுத்து, அது வைத்த கையோடு மூன்றாம் விமானத்து ஃபைல்களை முதலில் ஏற்றுவதாக ஏற்பாடு. கடதாசி அரைக்கிற இடத்து லொறியும் அன்றுதான் வருகிறது. மேசையில் அந்த ஒரு பக்கம். பிழை தெரிந்தது மூன்று பேருக்கு: எனக்கு, செபஸ்தியானுக்கு, கதவடியில் நின்று எல்லாம் கேட்ட ரில்வானுக்கு. சட்டைப் பைக்குள் சட்டத்தை மடித்து வைத்திருக்கிற அதே ரில்வான் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, நாளைக்கு லொறி வருது தானே. அது கொண்டு போனா, யாருக்குத் தெரியப் போகுது?”

சீஃப் சொன்னது

உண்மையைச் சொன்னால், ரில்வானில் எனக்குக் கோபம் வரவில்லை. என் மனதில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். அந்தப் பதவிக்காக எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தை ஃப்ளெட்டுக்கு அடுத்த வருசமும் வாடகை கட்டத்தானே வேண்டும். அடுத்த நாள் காலமை கோச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போதும் சொல்லாமல் விடுவம் என்றுதான் நினைத்தேன். தெஹிவளையில் மழை பிடித்துக்கொண்டது. யன்னலோரத்தில் இருந்தவர்கள் அவசரப்பட்டுக் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். இப்படி ஒவ்வொரு மழைக்கும் இனி நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று நினைத்தேன். இறங்கி நேரே ஒஃபிசுக்குப் போய், லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். என் பெயரைப் போட்டே எழுதினேன்.

தலைமை விமானியை எல்லாரும் சீஃப் என்போம். சிங்களவர், தங்கச்சிக்கு அவர்கள் சொல்கிற நங்கி என்றுதான் என்னைக் கூப்பிடுவார், தமிழும் சமாளிப்பார். இரண்டு தரம் படித்தார். பரீட்சார்த்தம் இன்னும் மூன்று மாதம் நீளும், மூன்று விமானத்து மெனுவலும் பக்கம் பக்கமாகத் திரும்பப் பார்க்க வேண்டும், உன் பதவியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். பிறகு பேனையை எடுத்து அடியில் தன் கையெழுத்தையும் வைத்தார். “நங்கி, கண்டுபிடிச்சது கம்பனிக்கு நல்லம், எழுதினது உங்களுக்கு நல்லம், ஆனா எழுதாம விட்டிருந்தா எனக்கு நல்லா நித்திரை வந்திருக்கும்.”

நாலாயிரம் பக்கம்

அடுத்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேளாதையுங்கோ. கடதாசியையும் டெப்பையும் இன்னும் சுமக்க வேண்டி வந்ததே என்று பதினேழு விமானிகள் என்னைத் திட்டினார்கள். திட்டாத ஒரே ஆள் செபஸ்தியான், ஏனென்றால் அவர் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் ஓய்வு நாளிலெல்லாம் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து என் மேசைக்கு எதிரே இருந்தார். அவர் கடதாசியில் விரலை வைத்துக் காட்டுவார், நான் டெப்பில் பார்ப்பேன். திகதி, எண், நிரை. சரி என்றால் நான் தலையாட்டுவேன், அவர் பக்கத்தைப் புரட்டுவார். தேத்தண்ணி வைத்தால் குடிப்பார். அவ்வளவுதான்.

மூன்று விமானத்திலும் வேறு ஒரு பிழையும் இல்லை. அதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. பதினொரு வருசத்தில் ஒரே ஒரு தரம் கை தவறியது, அதுவும் போயும் போயும் மழைப் பக்கத்தில். கடைசிப் பக்கம் முடிந்த அன்று ரில்வான் எட்டிப் பார்த்தார். எதிரெதிரே வாய் திறக்காமல் இருந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பேரும் ஃப்ளைட் மோட்லயா ஈக்கிறீங்க?”

கையெழுத்து

கையெழுத்து வைக்கிற நாள் சீஃப் தாளை நீட்டினார். என் பெயருக்குக் கீழே டெப் பொறுப்பாளர் என்று அடித்திருந்தது. நான் நம்பாமல் நிமிர்ந்து பார்த்தேன். பிழை விட்ட ஆளை அங்கே வைக்கலாமா என்று மேலிடத்தில் பெரிய விவாதமாம். வெளியில் இருந்து வேறு ஆளை எடுப்பது என்று ஏறக்குறைய முடிவாகியும் விட்டதாம். அப்போது செபஸ்தியான் உள்ளே போய், தன் பிழையைத் தன் பெயர் போட்டு எழுதுகிற ஆள் பார்த்த பக்கத்தை வைத்துத்தான் பறப்பேன், வேறு ஆளைப் போட்டால் பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப் போனேன். அவர் விமானத்துக்குப் போகிற வழியில், தோளில் டெப் பையோடு போய்க்கொண்டிருந்தார். கெப்டன், என்னை மன்னிச்சிட்டீங்களா என்று கேட்டேன். நடையை நிறுத்தி, கறுத்துக்கொண்டு வந்த வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். “கோவம் இன்னும் போகல்ல மகள், இன்டைக்கு மழைக்குள்ள இறக்கிட்டு வந்து யோசிப்பம்.”

இப்போது எடு, போடு, கிழி எல்லாம் ஒரே தட்டில் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த ஒரு தட்டைத் தட்ட முந்தி நான் மூன்று தரம் கதிரையை விட்டு எழும்பி நடந்துவிட்டு வருவதால் கம்பனிக்கு மிச்சமான நேரம் என்று ஒன்றும் இல்லை.