ஓடிப்போனவன் பெண்டாட்டி

தெருவில் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் தொழிலால் வந்த பேர் என்று புதிதாகக் குடி வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், அது கைக்கு வந்த பேர் இல்லை, வாய்க்கு வந்தது. அளவுச் சட்டை கொண்டுவராமல் "சும்மா குத்துமதிப்பாத் தைங்கக்கா" என்று யாராவது வந்து நின்றால், "அப்ப குத்துமதிப்பாவே போட்டுக்க" என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு விதி, ஜாதகம் என்று ஆயிரம் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் நான்கு வீடு தள்ளி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் அவள் சித்தி.

கத்திரிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பட்டாளத்தில் இருந்த அவள் அப்பாவைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். கூடத்தின் நடுவில் நின்று மனசுக்குள் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அண்ணன் பட்டாளத்த விட்டு ஓடிட்டானாம். தேடிக்கிட்டு இருக்காங்க. நாமளா போய் விசாரிச்சா முதல்ல அண்ணியத்தான் புடிச்சு உள்ள வைப்பாங்க. யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க" என்றார்.

அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றைக்கு மூடிய வாயை நாற்பத்து மூன்று வருஷம் திறக்கவில்லை. காக்கிச் சட்டை போட்டவன் தெருவில் வந்தால், அது தபால்காரனாக இருந்தாலும், கதவைச் சாத்திக்கொள்வாள். கிடங்கில் சாக்கு தைத்தாள். கோணி ஊசி குத்திக் குத்தி விரல் நுனிகள் காய்த்துப்போய், கடைசிக் காலத்தில் சூடான டம்ளரைப் பிடித்தால்கூட அவளுக்குச் சுடாது. அந்தக் கூலியில்தான் மகளுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள்.

சித்தி ஒருநாளும் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. குழாயடியில், கடையில், நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் "ஓடிப்போனவன் பொண்டாட்டி" என்றுதான் சொல்வாள். கத்திரியைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும் போகிற வழியில் சித்தி வீட்டில் தண்ணீர் குடித்தார்கள். "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா ஓடுற ரத்தம், யோசிச்சுக்கங்க" என்று சித்தி பரிவோடு சொல்லி அனுப்பினாள். போனவர்கள் திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கேட்ட கடைசிக் கேள்வி, "அவரு எங்கயாச்சும் நல்லா இருப்பாராடி?" என்பதுதான். கத்திரிக்கு அப்போது அப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவம், தப்பான ஆள் மேல் வந்த கோபம்.

அப்பா விட்டுப் போனது ஒரு தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ எண் எழுதியிருக்கும். கத்திரி அதில் வெட்டுத் துணிகளைப் போட்டு வைத்திருந்தாள். இந்த வருஷம் கோடையில், ஓய்வுபெற்ற பட்டாளத்து எழுத்தர் ஒருவர் கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்த வந்தவர், பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது யாரோட சர்வீஸ் நம்பர்மா?"

"எங்கப்பாவோடது. ஓடிப்போன ஆளு. அந்த நம்பர வச்சு நான் என்ன பண்ண?"

"ஓடிப்போனாலும் எழுதி வச்சிருப்பாங்க. செத்தாலும் எழுதி வச்சிருப்பாங்க. பட்டாளத்துல எதையும் எழுதாம விடமாட்டாங்க. நான் மனு எழுதித் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க."

கத்திரி சம்மதித்ததற்குக் காரணம் பாசம் இல்லை. ஓடிப்போனவர் எங்கேயாவது இன்னொரு குடும்பத்தோடு உயிரோடு இருந்தால், நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

நான்கு மாதம் கழித்து இங்கிலீஷில் பதில் வந்தது. எழுத்தரே வந்து படித்துக் காட்டினார். மேற்படி எண்ணுடைய வீரர் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன், பணியின்போது, மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து இறந்தார். நன்னடத்தை: மிக நன்று. அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டு, தற்போதும் வழங்கப்பட்டு வருகிறது.

"தற்போதுமா?" என்றாள் கத்திரி.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எங்கம்மா செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க."

அப்பா ஓடவில்லை என்பது முதலில் அவள் மண்டையில் ஏறவே இல்லை. எழுத்தர் போன பிறகு, பெட்டியிலிருந்த துணிகளை எல்லாம் வெளியே கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நகரத்து ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனாள்.

மகள் என்பதற்கு அத்தாட்சி காட்டியதால் அங்கிருந்த அதிகாரியம்மா கோப்பைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் அம்மாவின் பேர். பேருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தில் இருபது வயதுச் சித்தி. அடையாளம்: வலது காதுக்குக் கீழே மச்சம். "இவரே வீரரின் மனைவி என்று உறுதி கூறுகிறேன்" என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர், வீரரின் தம்பி, செத்துப்போன சித்தப்பா. அந்தக் காலத்தில் ஒரு படமும் இரண்டு சாட்சியும் போதும். பிறகு கைரேகை மெஷின் வந்தபோது அதுவும் சித்தியின் ரேகையைத்தான் அம்மாவின் ரேகை என்று வாங்கி வைத்துக்கொண்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் கத்திரிக்கு இவ்வளவு நல்ல பிடி கிடைத்திருக்காது. பேராசை நிறுத்தவிடவில்லை. பிள்ளை இருந்தால் படிப்புக்குத் தனியாக ஒரு தொகை உண்டு என்று தெரிந்ததும், சித்தப்பா இன்னொரு வரி சேர்த்திருந்தார்: ஒரே மகள், பிறந்த தேதி இன்னது. எழுத்துப் பிசகாமல் கத்திரியின் பேர், கத்திரியின் தேதி. பதினெட்டு வருஷம் கழித்து, மகளை நேரில் கொண்டுவரச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னொரு வரி: மகள் திருமணமாகிச் சென்றுவிட்டார்.

நிஜத்தில் வந்த இரண்டு வரன்களைத் துரத்தியடித்த வீட்டார், தாளில் அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது கத்திரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அதிகாரியம்மா, "என்ன அக்கா, ஏதாவது தப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு. அம்மா அடுத்து எப்ப இங்க வரணும்?"

"நவம்பர் முதல் வாரம். உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நேர்ல வந்து காட்டணும்ல?"

நவம்பர் முதல் வாரம். சித்தி வருஷம் தவறாமல் கண் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போகிற வாரம். சின்ன வயதில் அந்த ஒரு நாள் மட்டும் சித்தி கத்திரியைப் பிரியமாகக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, "பத்திரமாப் பாத்துக்க கண்ணு" என்பாள். தன் அம்மாவுக்கு வரவேண்டியதை வாங்கப் போனவர்களின் வீட்டை, வாசலில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள் கத்திரி. கூலியாக ஒரு மிட்டாய்.

உடனே போய்ச் சித்தியின் கொண்டையைப் பிடித்துத் தெருவில் இழுக்கவேண்டும் என்று கை துடித்தது. ஆனால் அவள் தையல்காரி. கோடு போடாமல் துணியில் கத்திரி வைக்கிற பழக்கம் கிடையாது. ஏழு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அக்டோபர் கடைசியில் சித்தி வழக்கம்போல ரவிக்கைத் துணியோடு வந்தாள். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பயணத்துக்கு ஒரு புதுச் சட்டை. தைத்துக் கொடுப்பவள் கத்திரிதான்.

"கண்ணு பாக்குறவரு சட்டையையா பாக்கப்போறாரு சித்தி?"

"பெரிய எடத்துக்குப் போறப்ப கௌரவமா போகணும்டி. உங்க வீட்டுல யாரு பெரிய எடத்துக்குப் போயிருக்கீங்க, உனக்குத் தெரியறதுக்கு?"

கத்திரி துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். இதுவரை தைத்ததிலேயே அழகாக அந்தச் சட்டையைத் தைத்தாள்.

அந்த நாள் அலுவலகக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி நிறையக் கிழவிகள். சித்தியைக் கொண்டுவந்து விட்ட மகன், வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். எண் கூப்பிட்டதும் சித்தி கைத்தடியோடு எழுந்து, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எரியும் வரை தூணுக்குப் பின்னால் நின்ற கத்திரி, நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களாம்மா?" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது.

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ... நீ எங்கடி இங்க?"

அதிகாரியம்மாவுக்குச் சந்தோஷம். "உங்க பொண்ணுதான பாட்டி? ரெண்டு மாசம் முன்னால வந்து கோப்பெல்லாம் பாத்துட்டுப் போனாங்க."

சித்தி கூடத்து வாசல் பக்கம் மகனைத் தேடினாள். இல்லை என்றால் தான் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கோப்பில் இருக்கிறவளுக்கு ஒரே மகள்.

"ஆமா" என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவள் மாதிரி.

"மேடம், ஒரு சின்ன உதவி" என்றாள் கத்திரி. "எங்கப்பா பட்டாளத்த விட்டு ஓடிட்டாருன்னு எங்க தெருவுல பேச்சு. அம்மா வாயால நிஜத்தக் கேக்கணும். எங்கப்பா எப்படிச் செத்தாரும்மா?"

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம் வாடி."

"ஏன் பாட்டி, மகதான கேக்குறாங்க, சொல்லுங்களேன்" என்று அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"வண்டி கவுந்து செத்தாரு" என்றாள் சித்தி.

"காதுல விழல."

"வண்டி கவுந்து செத்தாரு. ஓடல."

ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து அது வந்துவிட்டது. ஆனாலும் கத்திரிக்கு ஆறவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது இந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதுமே. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய இறப்புச் சான்றிதழ்.

அதிகாரியம்மா பேரைப் படித்தாள், தேதியைப் படித்தாள், எதிரே இருந்த கிழவியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்க யாரு பாட்டி?"

சித்தி கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுடி, நான் யாருன்னு நீயே சொல்லுடி. எதுவும் எனக்குத் தெரியாது, உங்க சித்தப்பா வைக்கச் சொன்ன எடத்துல வெரல வச்சேன்."

"குழாயடியில பேசுனது யாரு? அதுவும் சித்தப்பாவா?" என்று கையை உருவிக்கொண்டாள் கத்திரி.

மேலதிகாரி வந்தார். வாக்குமூலம் எழுதினார்கள். இறந்துபோன அந்த அம்மாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டபோது, சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அக்கா முறை. பட்டாளத்துல செத்தவரோட பொண்டாட்டி" என்றாள். அதை அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கீழே விரல் வைக்கச் சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் சித்தியின் ரேகை அவள் சொந்தப் பேருக்குக் கீழே விழுந்தது அதுதான் முதல் முறை.

இதற்குள் மகன் ஓடிவந்து, விஷயம் தெரிந்து, சுவரோடு சாய்ந்து நின்றான். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று சொல்லி, அன்றைக்கு அவர்களைப் போகச் சொன்னார்கள். படியிறங்கும்போது சித்தி கைத்தடியை ஊன்றி நின்று, "என்ன உள்ள போட்டுருவாங்களாடி?" என்று கேட்டாள்.

கத்திரி அவள் தோளில் திரும்பியிருந்த புதுச் சட்டையின் மடிப்பை நீவிச் சரிசெய்தாள்.

"அது எனக்குத் தெரியாது சித்தி. ஆனா எது வந்தாலும் ஓடி மட்டும் போயிராதீங்க. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் ஓடுனதில்ல."