வலி நின்ற பல்

இன்று காலை டீ குடிக்கும்போது பல் வலிக்கவில்லை. இரண்டு வாரமாகத் தூங்கவிடாத கடைவாய்ப் பல் அது.

"அதான் வலி போயிடுச்சே, டாக்டர் எதுக்குடி?" என்றாள் அம்மா. ஆனாலும் நான் வேலை செய்யும் கார்மென்ட்ஸ் கம்பெனியில் அவளே அரை நாள் லீவு சொல்லியாகிவிட்டதே என்று சிவாஜிநகரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தார். ஐஸ் வைத்துப் பார்த்தார். எனக்கு வலியோ கூச்சமோ தெரியவில்லை.

"உள்ள நரம்பு செத்துப்போச்சும்மா, அதான் வலியில்ல. அப்படியே விட்டா சீழ் கட்டும். ரூட் கெனால் பண்ணி வேரைச் சுத்தம் செஞ்சா பல்லைக் காப்பாத்திடலாம். இன்னைக்கே ஆரம்பிச்சாலும் இன்னும் மூணு தடவை வரணும்."

அம்மா குறுக்கிட்டாள். "அவ்ளோ லீவு தர மாட்டாங்க மேடம், புடுங்கிடுங்க. இவ போயி கேக்கவும் மாட்டா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"வேணாம், பல்லு இருக்கட்டும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மரத்துப்போக ஊசி போட்டதும் உதடு மெல்ல என்னை விட்டுப் போனது. முதல் நாள் சிகிச்சை முடிந்து, கம்பெனி இருக்கும் பொம்மசந்திரா வரை பஸ் ஜன்னலில் சாய்ந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். யாருடைய கன்னமோ போல இருந்தது. மரப்பு போகும்வரை எதையும் மெல்லக்கூடாதாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வோமாம். பேசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் நேராக சூப்பர்வைசரிடம் போய், மீதி மூன்று நாளுக்கும் லீவு கேட்டேன்.