படையல் வாங்கிய சிப்பாய்

பர்மாவில், ரங்கூனை ஒட்டிய இன்சீனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய படம் தொங்கியது. மைதானம் நிறையத் தொண்டர்படைச் சிப்பாய்கள் அணிவகுத்து நிற்க, குதிரை வண்டியில் ஒரு மகாராணி அவர்களைப் பார்வையிட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக மீசையோடு நிற்பவர்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா என்று பெரியப்பா சாதித்துவந்தார். வெள்ளைக்காரன் ரங்கூனில் திரட்டிய படையில் அவர் சேர்ந்தாராம்; மகாராணியே கப்பலேறி வந்து பார்த்தாராம். கொள்ளுத்தாத்தா எங்கள் எல்லோரையும்விட நாலு மடங்கு சிவப்பாக இருப்பதை யாராவது கேட்டால், "அந்தக் காலத்துப் படம் அப்படித்தான்" என்று சொல்லிப் பெரியப்பா தன் மீசையைத் தடவிக்கொள்வார். அதுவும் அதே வெட்டு.

ஆடி அமாவாசையன்று கண்ணாடிக்கு மேலேயே அந்தச் சிப்பாயின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இலை போட்டு, வடை பாயசம் படைப்போம். முதல் வடை எனக்கு இல்லாமல் அவருக்குப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான். இன்ஜினியரிங் சேர முழுக் குடிமகனுக்கான ரோஸ் நிற அட்டை வேண்டும். அதற்குக் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே நாங்கள் இந்த மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காகிதங்களெல்லாம் யுத்தத்தில் எரிந்துபோயின. தப்பித்தது படம் ஒன்றுதான்.

அம்மா அதைக் கழற்றிச் சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். பெரியப்பா போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் ரயில் பட்டறையில் பர்மியரோடு வேலை பார்த்தவர்தான். ஆனால் குடியுரிமை ஆபீசில் பேச நாக்கு எழாது என்று பள்ளிக்கூடத்துப் பர்மிய மொழி பேசும் என்னையும் கூட்டிப்போனார்.

ஆபீசில் இருந்த அதிகாரியை எல்லோரும் ஸயா, அதாவது ஐயா, என்றார்கள்; வயதானவர், வெற்றிலை மெல்லுபவர். படத்தை மடியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டார்.

"இங்கதான், ரங்கூன்லதான். ஸயாகிட்ட சொல்லு தாயி," என்றார் பெரியப்பா. சொன்னேன்.

ஸயாவின் விரல் படத்தின் அடியில் நின்றது. அம்மா துடைத்ததில் அங்கே பொடி எழுத்தில் இங்கிலீஷ் தெரிந்தது. வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் நான்தான். எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன். மகாராணி தொண்டர்படையைப் பார்வையிட்டது, எடின்பரோ, ஸ்காட்லாந்து. அதோடு விட்டேனா? கேட்காமலே பர்மிய மொழியிலும் விளக்கினேன்: "அது இந்த நாடே இல்லை, ஸயா. ரொம்ப தூரம், இங்கிலாந்துக்கு மேலே இருக்கு. எங்க டீச்சர் மேப்ல காட்டினாங்க." அந்தக் கணீர்க் குரலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஸயா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அவரே படத்தைப் போர்வையில் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "நல்ல படம். பத்திரமாக வைத்திருங்கள்," என்றார்.

திரும்பும்போது மார்க்கெட்டில் பெரியப்பா எனக்கு மட்டும் பலூடா வாங்கித் தந்தார். அண்ணனுக்கு அட்டை எப்போது வரும் என்று கேட்டேன். "நல்லா வாசிச்ச தாயி," என்றார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குள் அண்ணன் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். அன்று லீவு போட்டு வந்திருந்தான். பெரியப்பா வழக்கம்போலச் சிப்பாய்க்குச் சந்தனம் வைத்தார். அன்றைக்கு நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை போலும் என்று நினைத்து, படத்துக்குக் கீழே நின்று மறுபடியும் உரக்க வாசித்துக் காட்டினேன். இந்த முறை தமிழிலும் சொன்னேன்.

பெரியப்பா முழுக்கக் கேட்டார். பிறகு இலையில் வைக்கப்போன முதல் வடையை என் கையில் கொடுத்தார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். அவனுக்கு வடை பிடிக்கவில்லை என்று எண்ணி, அவன் இலையில் இருந்ததையும் நானே எடுத்துத் தின்றேன்.