கடைசி இலக்கம்

தொகாஷிக்கு நாற்பத்தொன்பது வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். பார்க்காத போல்ட்டைப் பார்த்ததாக ஒரு நாளும் படிவத்தில் எழுதியதில்லை. ஜப்பானின் அமாகாசாகி நகரில் அவரோடு வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

ஞாயிறு மதியம் ஆனால் கடைத்தெருக் கோடியில் இருக்கும் உமெகாவா அம்மாளின் வீடியோ விளையாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார். பதினொரு வருடமாக ஒரே இயந்திரம். திரையில் ஒரு நரி கூரைக்குக் கூரை தாவும். எல்லாத் திசையிலிருந்தும் குண்டுகள் மழையாகக் கொட்டும். குண்டு நரியின் வாலை உரசலாம், காதை உரசலாம். நெஞ்சில் எள்ளளவு ஒரு புள்ளி உண்டு, அதில் மட்டும் படக்கூடாது. அந்த எள்ளை இரண்டு குண்டுகளுக்கு நடுவே நுழைத்து வெளியே கொண்டுவரும் நேரத்தில் தொகாஷிக்கு விட்டுப்போன மனைவி கிடையாது, முதுகுவலி கிடையாது, திங்கட்கிழமை கிடையாது. கண்ணும் கையும் மட்டும்தான்.

சுவரில் ஒரு கரும்பலகை. ஒரே காசில் கடைசிவரை ஆடி முடித்தவர்கள் பெயரையும் புள்ளிகளையும் தாங்களே எழுதிக்கொள்ளலாம். யாரும் சரிபார்ப்பதில்லை. நான்கு பெயர்கள் இருந்தன; தொகாஷியின் பெயர் இல்லை.

ஒரு ஞாயிறன்று, கடைசி அரக்கனுக்கு நூலளவு உயிர் மிச்சமிருக்கும்போது நரி செத்தது. தொடர வேண்டுமா என்று கேட்டுத் திரை ஒன்பது, எட்டு, ஏழு என எண்ணியது. யோசிப்பதற்குள் இன்னொரு நூறு யென் காசு அவர் கையிலிருந்து உள்ளே போயிருந்தது. இரண்டு நொடியில் அரக்கன் தொலைந்தான்.

அந்த ஆட்டத்தில் புள்ளிகள் பத்துப் பத்தாகத்தான் ஏறும். கடைசி இலக்கம் மட்டும், கூடுதலாகப் போட்ட காசுகளின் எண்ணிக்கை. திரையில் அது 1. தொகாஷி பலகையில் எழுதியது 0.

"அட, தொகாஷி-சான்! முடிச்சே முடிச்சுட்டீங்களா!" உள்ளே நுழைந்த டாக்சி டிரைவர் நுமாதா கத்தினார். "இனிமே உங்ககூட லிஃப்ட்ல ஏற மாட்டேன்ப்பா. உள்ளேயும் குண்டுக்கு விலகற மாதிரி குதிச்சுக்கிட்டே இருப்பீங்க!"

ஒரு டின் காபியும் வாங்கிக் கையில் திணித்தார்.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரம் தன் பட்டியலைத் திரையில் காட்டும். அதில் அவர் பெயருக்கு நேரே அந்த 1. தொகாஷி திரையை முதுகால் மறைத்து நின்றார்.

"கொஞ்சம் நகருங்க, நான் ஆடணும்" என்றார் நுமாதா.

"பட்டன் ஒட்டுது" என்று அவர் வாயில் வந்தது. "உமெகாவா-சான், ஒரு தடவை அணைச்சுப் போடுங்களேன்."

அணைத்தால் பட்டியல் அழிந்துவிடும். உமெகாவா அம்மாள் அணைத்துப் போட்டார். அழிந்தது.

அந்த வாரம் ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் பேனா நின்று நின்று போனது.

அடுத்த ஞாயிறு போனபோது இயந்திரத்தில் மூன்று பட்டன்களும் புதிதாக, பளிச்சென்ற சிவப்பில் இருந்தன.

"காலைல பூரா இதே வேலை" என்றார் உமெகாவா அம்மாள். "ஒட்டற பட்டனை வெச்சுக்கிட்டு முடிச்சீங்களே, மனுஷனா நீங்க!"

"நான் இத்தனை வருஷமா தோத்ததுக்கும் அந்தப் பட்டன்தான் காரணம்" என்றார் நுமாதா. "நல்ல சாக்கு கிடைச்சுது."

இருவரும் சிரித்தார்கள். தொகாஷிக்குக் காதுமடல் எரிந்தது. பலகைக்குப் போய், 0-வை விரலால் அழித்து 1 என்று எழுதினார்.

சிரிப்பு நின்றது. அங்கே யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

"அப்ப பட்டன்?" என்றார் உமெகாவா அம்மாள்.

"ஒட்டலை."

அந்த அம்மாள் சற்று நேரம் புதுப் பட்டன்களையே பார்த்தார். பிறகு பலகை துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். "கடைசியில ஒண்ணு வர்ற புள்ளி இந்தப் பலகையில இருக்கக்கூடாது. பேரோட முழுசா அழிச்சுடுங்க."

அழித்தார்.

"என் காபி?" என்றார் நுமாதா. கேலியாகத்தான் கேட்டார், ஆனால் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

தொகாஷி வெளியே போய் ஒரு டின் வாங்கிவந்து கொடுத்தார். அடுத்த முறைக்கு அடையாளமாக நுமாதா இயந்திரத்தின் விளிம்பில் வைத்திருந்த காசுக்குப் பின்னால் தன் காசை வைத்தார்.

அவர் முறை வந்தது. புதுப் பட்டன்கள் விரலுக்குக் கெட்டியாக இருந்தன. இரண்டாவது கூரையிலேயே நரி செத்தது. வழக்கமாக அப்போது யாராவது "ஐயோ" என்பார்கள். அன்று யாரும் சொல்லவில்லை.